டிப்போக்காரம்மாவின் கோல்

அந்த அம்மாவைக் கையில் கோல் இல்லாமல் நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட எண்ணெய் டிப்போ அவருடையது. மண்ணெண்ணெயும் டீசலும் விற்றார். அறுபதுகளில் எங்கள் பக்கத்தில் அந்தப் பேர்களை யாரும் சொல்ல மாட்டார்கள். விளக்குக்கு ஊற்றுவது கிருஷ்ணாயில், எஞ்சினுக்கு ஊற்றுவது குரூடாயில், இரண்டையும் விற்கிறவர் டிப்போக்காரம்மா. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலும், "எதுக்கு?" என்றுதான் பதில் வந்திருக்கும்.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு. என்ன புடவை கட்டினாலும் முந்தானையில் ஒரு கறை இருக்கும். கையில் இரண்டு முழ நீளத்துக்குத் தேக்குக் கோல், அதில் கத்தியால் கீறிய கோடுகள். பேரலில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று விட்டுப் பார்க்கிற கோல் அது. ஆனால் அந்த அம்மா பேரலோடு நிறுத்திக்கொள்கிற ஆள் இல்லை.

திண்டிவனத்திலிருந்து லாரி வந்து நின்றால், டிரைவருக்கு அரை மணி நேரம் போனது போனதுதான். "தொடாதே, தொடாதே. குலுங்கிட்டு வந்த எண்ணெய் கோலையே ஏமாத்தும்" என்று அவனை ஒரு ஓரமாக உட்கார வைத்துவிடுவார். தரை மட்டமாக இருக்கிறதா என்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்ப்பார். அப்புறம்தான் கோல் உள்ளே போகும். வெளியே எடுத்து, ஈரம் ஏறிய கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, விரலால் தொட்டு முகர்ந்து பார்ப்பார். ஒரு டிரைவர் பொறுக்க முடியாமல், "அம்மா, கம்பெனியிலயே சீல் வச்சுத்தான் அனுப்புறாங்க" என்றான்.

"சீல் வச்சவன் யாரு? உனுக்குத் தெரியுமா அவன?"

அவன் போய்ப் பீடி பற்றவைத்துக்கொண்டான்.

பால்காரியின் செம்பிலும் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை விட்டுப் பார்த்ததால் அவள் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். அதிலிருந்து அந்த அம்மா கடுங்காப்பிதான் குடித்தார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்கப் போனால், ஆட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஆட்டுக்காரன் காலைப் பார்ப்பார். கால் நிலைகொள்ளாமல் இருந்தால் ஆடு வேண்டாம். இப்படி ஒரு பிறவியா என்று நானே சிரித்திருக்கிறேன். கோல் பொய் சொல்லாது, பிடிக்கிற கைதான் சொல்லும் என்று அடிக்கடி சொல்வார். ஊரார் கையைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நான் செஞ்சியில் ஒரு கிறிஸ்தவ ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். வீடு மூன்று மைல் தள்ளி ஒரு கிராமத்தில். என் வீட்டுக்காரருக்கு இரண்டு காணி நிலமும் ஒரு கிணறும் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் பஸ்ஸுக்கு நிற்கிற இடம் டிப்போ வாசல். கோட்டை இருக்கிற ராஜகிரி மலையின் நிழல் ரோட்டுப் பக்கம் சாய்கிற நேரம். ஒருநாள் அந்த அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"ஏ டீச்சரு, இங்கிலீசு படிப்பியா?"

"படிப்பேம்மா."

"இத்தப் படி."

கம்பெனியிலிருந்து வந்த காகிதம். வரி விடாமல் படித்துத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நன்றி கின்றி ஒன்றும் இல்லை. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராக ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலுக்குப் போனார். அங்கே பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் இருந்தார், மூக்குப்பொடிக்காரர். அதே காகிதத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னதைப் பஸ் ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு மூன்று தடவை இப்படியே நடந்தது. நாலாவது தடவை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, நான் தப்பாப் படிக்கிறேன்னு நெனைக்கிறீங்களா?"

"உன்னச் சொல்லல டீச்சரு. எந்தக் காயிதத்தையும் ரெண்டு பேரு படிக்கணும். ஒருத்தர் படிச்சது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. ரெண்டும் ஒண்ணா இருந்தா நான் கைநாட்டு வைப்பேன். இல்லேன்னா ரெண்டு பேரையும் வுட்டுட்டு மூணாவது ஆளைத் தேடுவேன்."

அப்புறம் கோலின் முனையைத் தரையில் தட்டிக்கொண்டே சொன்னார். "ஒரே ஆளு படிச்ச காயிதத்துலதான் எங்க வூட்டுக்காரர் செத்த பதினாறாம் நாளு நான் கைநாட்டு வச்சேன். படிச்சது என் கொழுந்தன். நாலு காணி பூடுச்சு."

அதோடு பேச்சை விட்டுவிட்டார். அவர் வாயால் தன் கதையென்று நான் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. என் படிப்பும் மூக்குப்பொடிக்காரர் படிப்பும் ஒருநாளும் மாறுபட்டதில்லை என்று எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்துவிட்டது.

நல்லவரா என்று கேட்டால், ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் கிருஷ்ணாயில் கிடைக்காமல் ஊரே இருட்டாகக் கிடந்தது. டிப்போ முன்னால் போத்தல்கள் வரிசையில் நின்றன, ஆட்கள் நிழலில் நின்றார்கள். ஜீப்பில் ஒரு பெரிய மனிதர் வீட்டு ஆள் வந்து இரண்டு டின்னை இறக்கினான். அந்த அம்மா டின்னைப் பார்க்கவே இல்லை. "வரிசையில போத்தல வையி. ஆளுக்கு அரைப் போத்தல்தான். உங்க ஐயா வூட்ல மட்டும் இருட்டு கெட்டியா இருக்குமா?" என்றார். அவன் கத்தினான். கோலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். எனக்கும் அரைப் போத்தல், தோட்டிக்கும் அரைப் போத்தல், தனக்கும் அரைப் போத்தல். அன்றைக்கு அந்த அம்மா காலில் விழலாம் போலிருந்தது.

எண்ணெயை வைத்தே அவர் ஊரை எடைபோடுவார். கோட்டையைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் செஞ்சி ராஜா காலத்தில் பெரிய பட்டணமாமே என்று பேசிக்கொண்டு போனால், "அப்ப இருந்தது இருக்கட்டும். இப்ப இன்னா எண்ணெய் செலவாவுது, அத்தக் கேளு" என்பார். அவருடைய கணிப்பு இப்படி இருக்கும்: "சிம்னி வெளக்குக்காரன் அரிக்கேன் வாங்குனா வூட்ல கல்யாணம் வருது. அரிக்கேன்காரன் பெட்ரோமாக்ஸ் வாங்குனா கடை வைக்கப் போறான். எஞ்சின் வாங்குனான்னு வையி, மூணு வருசத்துல மச்சு வூடு கட்டுவான், இல்ல முழுவிப் பூடுவான். எண்ணெய் எங்க ஓடுதோ அங்கதான் துட்டு ஓடும் டீச்சரு." மேல்சித்தாமூரில் சமண நயினார் வீடுகளில் எத்தனை எஞ்சின், அனந்தபுரத்து மில்லில் மாதம் எத்தனை பேரல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பொம்பளை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாரே என்று வியந்திருக்கிறேன். அந்த வியப்பை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எஞ்சின் வைத்திருந்த குடியானவர்கள் எல்லோரும் அவரிடம்தான் டீசல் வாங்கினோம். கையில் காசு கேட்க மாட்டார். காகிதமும் கேட்க மாட்டார். மல்லாட்டை பிடுங்கினதும் மூட்டையை அவர் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அவர் தராசு, அவர் சொல்கிற விலை. சந்தை விலையை விடக் கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும். யாரும் முணுமுணுக்கவில்லை. ஆடி மாதத்தில் காசில்லாமல் எண்ணெய் கொடுக்க வேறு யார் இருந்தார்கள்?

இனி எங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் மழை பொய்த்தது. பனமலை ஏரியே வெடிப்பு விட்டுக் கிடக்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். எங்கள் கிணற்றில் எஞ்சினைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் தீர்ந்து காற்றை இழுக்கும். அடியில் பாறை. அதை வெடி வைத்து இரண்டு ஆள் ஆழம் இறக்கினால் ஊற்று இருக்கிறது என்று கிணறு வெட்டுகிறவர் அடித்துச் சொன்னார். அதற்குப் பணம் இல்லை. என் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாக இருந்தது. கம்மல் ஏற்கெனவே எஞ்சினாக மாறியிருந்தது. கிணறு இறங்காவிட்டால் கீழ்க்காணியை விற்க வேண்டும், வேறு வழியில்லை. கிணற்றுக்குக் கடன் கொடுக்கிற பேங்க் எதுவும் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நான் வேறு எதையும் வேண்டவில்லை. கீழ்க்காணி, கீழ்க்காணி என்றுதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார்.

வாடகை சைக்கிள், கருப்புக் குடை, காதில் செருகிய பென்சில். யாரிடமும் தான் யார் என்று சொல்லவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, எந்த ஊரில் எத்தனை ஆயில் எஞ்சின், மில்லு எத்தனை, லாரி எத்தனை என்று கேட்டார். இப்படி ஒருவர் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அரசாங்கத்து ஆள் என்று ஒருவன் சொன்னான். வேவு பார்க்கிறவன் என்று இன்னொருவன் சொன்னான். புதையல் தேடுகிறவன், கோட்டை வரைபடம் வைத்திருக்கிறான் என்று ஒரு பேச்சு. நான்கூட அந்தக் குடையை நம்பவில்லை. மழையே இல்லாத ஊரில் மேகம் மூடிய நாளிலும் எதற்குக் குடை?

சந்தேகத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தவர் டிப்போக்காரம்மாதான். வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்த ஒவ்வொரு குடியானவனிடமும், டீசல் ஊற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, சைக்கிளுக்கு வில்லை உண்டா இல்லியா?"

"உண்டும்மா."

"ரேடியோவுக்கு லைசன்சு உண்டா இல்லியா?"

"உண்டு."

"அப்ப எஞ்சினுக்கு வராதா? அத்தத்தான் எண்ணிக்கினு போறான் குடைக்காரன். எண்ணி முடிச்சானா, எஞ்சினுக்கு இவ்ளோ, ஊத்துற எண்ணெய்க்கு இவ்ளோன்னு வரி வந்து நிக்கும். உன் வூட்டு எஞ்சின நீ காட்டு, காட்டாத போ. எனுக்கு இன்னா?"

இதைவிட நம்பும்படியாக யார் சொல்ல முடியும்? வரி கட்டி வாங்கிய சைக்கிள் வில்லை எல்லோர் வண்டியிலும் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாலு நாளில் எங்கள் பக்கத்தில் எஞ்சின் சத்தமே இல்லை. வைக்கோல் போருக்குள் எஞ்சின், மாட்டுக் கொட்டகையில் எஞ்சின், சர்ச்சில் மணியடிக்கிற எங்கள் கோயில்பிள்ளை வீட்டில் தொட்டிலுக்குப் பக்கத்தில் சேலை போர்த்தி ஓர் எஞ்சின். பரண் மேல் போட்டிருந்த பழைய கவலைச் சாமான்கள் கீழே இறங்கின. மாட்டைக் கட்டித் தோல்சாலில் தண்ணீர் இறைக்கிற அந்தக் கவலையை விட்டுத் தொலைத்தோமே என்று நாங்கள் சந்தோஷப்பட்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. எலி கடித்த கயிற்றை ஒட்டுப் போட்டு, மறந்துபோன மாடுகளைச் சரிவில் ஏறி இறங்கப் பழக்கி, ஊரே ஏழை வேஷம் கட்டியது. சிரிப்பும் கும்மாளமும்தான். திருவிழா நாடகம் தோற்றது போங்கள்.

குடைக்காரர் எங்கள் நிலத்துக்கும் வந்தார். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. என் வீட்டுக்காரர் இரண்டு மாடுகளுக்குப் பின்னால் கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் பத்தடி தூரத்தில் மல்லாட்டைக் கொடிப் போருக்குள் இருந்தது.

"எஞ்சின் இல்லீங்களா?"

"எங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? மாடு இருக்குது, கை இருக்குது."

குடைக்காரர் என் வீட்டுக்காரரின் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் எல்லாம் கருப்பு எண்ணெய். காதிலிருந்து பென்சிலை எடுத்து, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"ஆழப்படுத்தலாமேம்மா."

"துட்டு வேணுமேங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். துட்டுப் பேச்சை ஏன் எடுத்தாய் என்று முறைப்பு. நான் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த மனிதர் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அவர் முதுகைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

அந்த வாரம் டிப்போவில் அவர் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். அந்த அம்மா ஒரு பேரலைத் திறந்து, கோலை விட்டு எடுத்து அவருக்குக் காட்டினார். நுனியில் இரண்டு விரல் அகலம்தான் ஈரம். "இதாங்க, ஒரு மாசமா இதான் கெடக்குது. யாரு வாங்குறாங்க?" என்றார். நிறைந்த பேரல்கள் ஏழெட்டு அவர் வீட்டுப் பின்கட்டில் தென்னோலைக்கு அடியில் இருந்தன. முந்தின நாள் உருட்டிக்கொண்டு போனதை ஊரே பார்த்திருந்தது. எங்களுக்காக எவ்வளவு துணிச்சலாக நிற்கிறார் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

எஞ்சினுக்கு வரி வரவில்லை. மழையும் வரவில்லை. சித்திரையில் கீழ்க்காணியை அனந்தபுரத்துக்காரர் ஒருவருக்கு விற்றோம். பத்திரம் பதிந்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வந்தவாசிப் பக்கம் இருந்த தன் பங்காளி வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் முகம் செத்திருந்தது.

"அங்க புதுசா ஒரு பேங்க் தொறந்திருக்காங்க. பங்காளிக்குக் கெணறு வெட்டக் கடன் வாங்க அவனோட போனேன். உள்ள மேஜை போட்டு யாரு குந்தினு இருக்கான் தெரியுமா? குடைக்காரன்."

எனக்குப் புரியவில்லை.

"என்னைப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுக்கினான். 'மாடு நல்லா இருக்குதா?'ன்னு கேட்டான். செஞ்சியில தொறக்கலாமான்னுதான் பாக்க வந்தானாம். எண்ணெய் செலவாகுற ஊர்லதான் வெள்ளாமையும் யாவாரமும் இருக்கும், அங்கதான் பேங்க் நிக்கும்னு மேல இருக்குறவங்க கணக்காம். நம்ம பக்கம் எஞ்சினே இல்ல, எண்ணெயே விக்கலன்னு எழுதிக் குடுத்துட்டானாம். இப்ப நம்ம ஊருக்கு அங்கேர்ந்து கடன் குடுக்க விதி இல்லையாம். 'உங்க வெரலைப் பாத்தேன் ஐயா, ஆனா நீங்க சொன்னதைத்தானே நான் எழுத முடியும்'ங்கிறான்."

யாரைக் குற்றம் சொல்வது? நாங்களே கட்டிய வேஷம், நாங்களே அடித்துக்கொண்ட தலை. டிப்போக்காரம்மாவையும் எங்களோடு சேர்த்து ஏமாந்தவராகத்தான் எண்ணினேன்.

அந்த வாரமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், நடந்தே. கையில் கோல். நேராகக் கிணற்றுக்குப் போனார். படியில் இறங்கி, கோலைத் தண்ணீரில் விட்டு, எடுத்துப் பார்த்தார். முழங்கால் அளவுகூட இல்லை.

"கீழ்க்காணி பூட்டுதாமே. மேல்காணியாச்சும் நிக்கணும். வெடிக்கும் கூலிக்கும் நான் தரேன். வட்டியெல்லாம் வேணாம். கடன் தீர்ற வரைக்கும் எண்ணெய் என்கிட்ட, மல்லாட்டை என் களத்துக்கு. வேற தராசு ஏறக் கூடாது. சரியா தம்பி?"

நான் அழுதுவிட்டேன். அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கிருஷ்ணாயில் வாடை அடித்தது. கிணறு இறங்கியது, ஊற்றும் வந்தது. ஐந்து வருஷம் எங்கள் மல்லாட்டை வேறு தராசைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "குடைக்காரன் யாருன்னு நான் வந்து உங்கிட்டதான் சொன்னேன். அந்தம்மா அதே வாரம் எப்படி வந்து நின்னுச்சு? அதுக்கு முன்னாலயே துட்டு எடுத்து வச்சிருந்த மாதிரி" என்றார். "உதவி செஞ்சவங்களச் சந்தேகப்பட்டா நாக்கு அழுகிப் போகும்" என்று நான் சண்டைக்குப் போனேன்.

பேங்குகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, செஞ்சியிலும் ஒரு கிளை வந்தது. கடைத்தெருவில் ஒரு மாடி. கணக்குத் திறக்கக் கூட்டம். நானும் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் பத்திரம் எழுதுகிற மூக்குப்பொடிக்காரர். வயதாகிவிட்டது, பொடி மட்டும் குறையவில்லை. நின்று நின்று கால் கடுத்துப்போய்ப் பேச்சுக் கொடுத்தார்.

"இது அஞ்சு வருசத்துக்கு முந்தியே வந்திருக்கணும் டீச்சரம்மா. இவங்க இல்லேன்னா வேற பேங்க். ஆளு வர்றதுக்கு முன்னாலயே லெட்டர் போட்டாங்களே."

"யாருக்கு?"

"டிப்போக்காரம்மாவுக்குத்தான். செஞ்சியில பேங்க் தொறக்க யோசனை இருக்குது, மாசம் எத்தினி பேரல் விக்குது, எந்த ஊருக்குப் போவுது, எங்க ஆள் வரும்போது சொல்லுங்கன்னு இங்கிலீசுல. நான்தானே படிச்சேன். ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. படிச்சது படிச்ச எடத்துலயே இருக்கணும்னு சொல்லி ஒரு ரூபா குடுத்தாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, நீங்களும் படிச்சிருப்பீங்க இல்ல?"

நான் படிக்கவில்லை. எத்தனையோ காகிதம் படித்தேன். லாரி வாடகை, டின் கணக்கு, கம்பெனிக்காரன் அனுப்பிய பொங்கல் வாழ்த்தைக்கூடப் படித்தேன். அதையும் இருவர் படித்தோம். அந்த ஒரு காகிதம் மட்டும் என்னிடம் வரவில்லை. கீழ்க்காணி கண் முன்னால் வந்தது. தினமும் அதன் வரப்போரமாகத்தான் பஸ்ஸுக்கு நடந்தேன், வேறொருவர் நெல்லைப் பார்த்துக்கொண்டு. என் வீட்டுக்காரர் சாப்பிடாத அந்த இரண்டு நாள் ஞாபகம் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்ட கையும் ஞாபகம் வந்தது. அருவருப்பாக இருந்தது.

அப்போது அவர் மாடிப்படி ஏறி வந்தார். வாசலில் பியூன், "கோலெல்லாம் உள்ள கொண்டு வரக் கூடாதும்மா, அங்க சாத்துங்க" என்றான். ஒரு நிமிஷம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சுவரில் சாத்திவிட்டு வெறும் கையோடு உள்ளே வந்தார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத மாதிரி நின்றார். ஒரு ஃபாரத்தை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"டீச்சரு, இத்தப் படி."

நான் வாங்கவில்லை.

"எல்லாக் காயிதத்தையும் ரெண்டு பேருகிட்டப் படிக்கக் குடுப்பீங்களே. குடைக்காரன் பேங்க் லெட்டரை மட்டும் ஏம்மா ஒருத்தர்கிட்டயே படிக்கக் குடுத்தீங்க?"

மூக்குப்பொடிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். வெட்கமோ கோபமோ அந்த முகத்தில் இல்லை. பேரலைப் பார்க்கிற அதே பார்வை.

"உங்கிட்ட குடுத்திருந்தா நீ சரியாப் படிச்சிருப்பியே டீச்சரு. படிச்சிட்டு ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பே. பேங்க் வந்திருக்கும். அப்புறம் என் களத்துல யாரு வந்து மூட்டை எறக்குவான்?"

"எங்க கீழ்க்காணி போச்சேம்மா."

"அது போவும்னு நான் நெனைக்கல. அதான் மேல்காணிக்கு ஓடி வந்தேன்."

சொல்லிவிட்டு ஃபாரத்தை என் கையில் வைத்தார். "இது ஒண்ணு படி. நீ மட்டும் படிச்சாப் போதும்."

பத்திரம் எழுதுகிறவர் ஓர் எட்டில்தான் நின்றிருந்தார். அவரிடம் போகவில்லை. கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். ஆங்கிலத்தில் இருந்த ஃபாரம். வாரிசு என்ற இடம் காலியாக இருந்தது. "இங்க இன்னா எழுதணும்?" என்று கேட்டார். அங்கே நான் என்ன எழுதினாலும் அவருக்குத் தெரியாது. அவருடைய கொழுந்தன் பெயரைக்கூட எழுதியிருக்கலாம்.

வரி விடாமல் படித்தேன். ஒரு வார்த்தையை மாற்றவில்லை. அவர் சொன்ன அக்கா மகள் பெயரைத்தான் எழுதினேன். அவர் கைநாட்டு வைத்துவிட்டு, வாசலில் சாத்தியிருந்த கோலை எடுத்து நுனியைத் தடவிப் பார்த்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

என்னால் மாற்றிப் படிக்க முடியாது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.